சேர்ந்து காமிக்ஸ் போடுவது: மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தமாக வரைந்து, ஜெராக்ஸ் எடுத்து, பின் அடித்து விற்கும் காமிக்ஸ்காரர்கள் மதுரையில் கொஞ்சம் பேர் இருக்கிறோம். எங்களிடம் வந்து பேசுகிறவர்கள் பேனா, மை பற்றியெல்லாம் அவ்வளவாகக் கேட்பதில்லை. யாரோடு சேர்வது, எப்படிப் பங்கு பிரிப்பது, சண்டை வந்தால் என்ன செய்வது என்று கூட்டாளி விஷயமாகத்தான் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறேன். சட்டம் வரும் இடங்களில் சட்டம் சொல்வதைச் சொல்லியிருக்கிறேன், மற்றதெல்லாம் என் அபிப்பிராயம்.

அண்டர்கிரவுண்ட் காமிக்ஸ்னா என்னண்ணே, போலீசுக்குத் தெரியாம விக்கிறதா?

அப்படியெல்லாம் இல்லை தம்பி. அமெரிக்காவில் 1954-ல் காமிக்ஸ் பதிப்பகங்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதி வைத்துக்கொண்டன. அந்த முத்திரை இல்லாத புத்தகத்தை விநியோகஸ்தர்கள் தொடத் தயங்கினார்கள். அதற்குள் அடங்காத ஆட்கள் தாங்களே அச்சடித்து, தாங்களே விற்க ஆரம்பித்தார்கள், அதுதான் அண்டர்கிரவுண்ட். 1968-ல் சான்பிரான்சிஸ்கோவில் ராபர்ட் கிரம்ப் தன்னுடைய ‘ஸாப்’ முதல் இதழைக் குழந்தைத் தள்ளுவண்டியில் வைத்துத் தெருவில் விற்றார். அச்சுக்கூலியாக அவர் நண்பர் ஒருவர் தன்னுடைய டேப் ரெக்கார்டரைக் கொடுத்தார் என்பார்கள். எனக்கு அந்தத் தள்ளுவண்டியைவிட நண்பர் கொடுத்த டேப் ரெக்கார்டர்தான் முக்கியமாகப் படுகிறது.

நம் பக்கத்தில் காமிக்ஸ் என்றால் சிவகாசிதான். 1972-ல் முத்து காமிக்ஸ், 1984-ல் லயன் காமிக்ஸ். பெரும்பாலும் வெளிநாட்டுக் கதைகளின் தமிழ் வடிவம், முறையான தொழில். நாங்கள் அதைப் படித்து வளர்ந்தவர்கள் என்றாலும் எங்கள் வேலைமுறை சிறுபத்திரிகைக்காரர்களுடையது. வத்தலக்குண்டுப் பக்கத்துக்காரரான சி.சு. செல்லப்பா 1959-ல் ‘எழுத்து’ ஆரம்பித்து, புத்தகக் கட்டைத் தானே தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கல்லூரிகளுக்குப் போய் விற்றாரே, அந்த வழி.

எனக்கு நேர்கோடே வராது. நான் உங்ககூடச் சேரலாமா?

தாராளமாக. அமெரிக்காவில் கிளீவ்லாந்து ஊரில் ஒரு அரசு மருத்துவமனையில் ஃபைல் எடுத்துக்கொடுக்கும் குமாஸ்தாவாக இருந்தவர் ஹார்வி பீக்கர். அவருக்கும் படம் வராது. பழைய ஜாஸ் இசைத்தட்டு சேகரிக்கும் பழக்கத்தில் கிரம்ப் அவருக்கு நண்பரானார். பீக்கர் தன் அன்றாட வாழ்க்கையைக் குச்சி மனிதர்களாகக் கட்டம் போட்டு எழுதிக் காட்ட, கிரம்ப் அதை வரைந்துதருகிறேன் என்றார். 1976-லிருந்து பீக்கர் சொந்தக் காசில் போட்ட இதழ்களுக்குக் கடைசிவரை பல ஓவியர்கள் வரைந்தார்கள். இசைத்தட்டில் ஆரம்பித்த நட்பு என்பதைக் கவனியுங்கள். கூட்டாளி தேடிப் போன இடத்தில் அது கிடைக்கவில்லை.

வரையாதவர்களுக்கும் வேலை நிறைய உண்டு: ஸ்கேன் செய்வது, பக்கத்தில் அழுக்கு துடைப்பது, மடிப்பது, பின் அடிப்பது, கணக்கு எழுதுவது. அதைவிட முக்கியம் பலூனுக்குள் எழுதுவது. தமிழ்ச் சொல் நீளம். ‘போய்க்கொண்டிருந்தேன்’ என்ற ஒரு சொல்லே சின்ன பலூனில் ஒரு வரியைத் தின்றுவிடும். ஓவியர் படத்தை முடித்துவிட்டு மிச்ச இடத்தில் பேச்சைத் திணித்தால் எழுத்து எறும்பு மாதிரி ஆகும். எழுத்தை முதலில் வைத்துவிட்டு, அப்புறம் படம். இதைத் தெரிந்த ஒரு நல்ல கையெழுத்துக்காரர் கிடைத்தால் நான் இரண்டு ஓவியர்களை விட்டுக்கொடுப்பேன்.

கூட்டாளிய எங்கிட்டுப் போய்த் தேடுறது? மதுரையில யாரும் இருக்க மாதிரியே தெரியலையே.

இருக்கிறார்கள், வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான். தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது காமிக்ஸ் அடுக்குக்கு முன்னால் ரொம்ப நேரம் நிற்கிறவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். புது நத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் பார்த்து வரைந்துகொண்டிருக்கும் பிள்ளைகள் உண்டு. சென்னை, கும்பகோணம் கவின்கலைக் கல்லூரிகளில் படிக்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் லீவுக்கு வருவார்கள். ஃப்ளெக்ஸ் வந்ததும் தூரிகையை மடித்து வைத்த போர்டு ஓவியர்களை யாருமே கேட்பதில்லை. எழுத்து எழுதுவதில் அவர்கள் கை எங்களுக்கெல்லாம் பாடம்.

போகும்போது கையில் உங்கள் புத்தகம் ஒன்று இருக்கட்டும், எட்டுப் பக்கமானாலும் சரி. அதைக் கொடுத்துவிட்டு அவருடையதை வாங்கிக்கொள்வதுதான் இந்த வட்டத்தில் அறிமுகம். முதலில் குழுவுக்குப் பெயர் வைத்து, லோகோ வரைந்து, வாட்ஸ்ஆப்பில் அறுபது பேரைச் சேர்ப்பவர்களை நான் நம்புவதில்லை. அந்தக் குழுக்களிலிருந்து காலை வணக்கம் வரும், பக்கம் வராது.

என் மகன் ராத்திரி பகலா உங்ககூடச் சுத்துறான் தம்பி. இதுல வருமானம் என்ன?

வருமானம் இல்லைம்மா. அச்சுக்காசு திரும்பி வந்தால் சந்தோஷப்படுவோம். அவனுக்குப் பரீட்சை இருக்கும் மாதம் நாங்கள் அவனிடம் பக்கம் கேட்பதில்லை, அதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்.

முதல் புத்தகத்தை எப்படிப் போடுறது?

ஒரே ஒரு ஏ4 தாளை எட்டாக மடித்து, நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் எட்டுப் பக்கச் சின்னப் புத்தகம் வந்துவிடும், பின்கூட வேண்டாம். அடுத்த படி, ஏ4 தாளைப் பாதியாக மடிக்கும் ஏ5 அளவு. தாளுக்கு நான்கு பக்கம். அதனால் மொத்தப் பக்கம் நான்கின் மடங்காகத்தான் இருக்க வேண்டும். பதினாறு பக்கத்துக்கு நாலு தாள். எந்தப் பக்கம் எதனோடு என்று குழம்பாமல் இருக்க ஒரு கணக்கு: ஒரே முகத்தில் வரும் இரண்டு பக்க எண்களைக் கூட்டினால் 17 வர வேண்டும். 16-உம் 1-உம், 2-உம் 15-உம், இப்படி. வெறுந்தாளில் டம்மி மடித்து எண் போட்டுப் பார்க்காமல் ஜெராக்ஸ் கடைக்குப் போகாதீர்கள்.

பெரிய கறுப்புப் பரப்பு ஜெராக்ஸில் திட்டுத்திட்டாக வெளுக்கும், கோடுபோட்டு நிரப்புங்கள். சில நூறு பிரதிகளுக்குக் கீழே ஆஃப்செட் கட்டாது, ஏனென்றால் பத்துப் பிரதி அடித்தாலும் பிளேட் செலவு அதேதான். ஆயிரம் பிரதி வரும்போது சிவகாசிக்கு பஸ் ஏறலாம். சென்டர் பின் அடிக்க நீளக்கை ஸ்டேப்ளர் ஒன்று வாங்கி, குழுவுக்குப் பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள். அது யார் வீட்டில் இருக்கிறது என்பதிலிருந்துதான் பாதிச் சண்டை ஆரம்பிக்கும்.

ஜாம் பக்கம் ஜாம் பக்கம்ங்கிறீங்களே, அதை எப்படிப் போடுறது?

ஒரே பக்கத்தைப் பல பேர் கட்டம் கட்டமாக வரைவதுதான் ஜாம். ‘ஸாப்’ இரண்டாவது இதழிலிருந்து வேறு ஓவியர்களும் வந்து சேர்ந்து, கொஞ்ச காலத்தில் ஏழு பேரானார்கள். ஏழு பேருக்கும் ஏழு கை. கிரம்பின் குண்டுக் கால்களும் விக்டர் மொஸ்கோசோவின் உருமாறும் வடிவங்களும் ஒரே தாளில் மோதிக்கொள்ளும். தாள் சுற்றி வரும், தனக்கு முன்னால் இருப்பவர் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் வைத்திருக்கும் விதி மூன்று. அடுத்து என்ன வரும் என்று யாரும் சொல்லக் கூடாது. முந்தின கட்டத்தில் இருந்த ஒரு பொருளாவது உங்கள் கட்டத்தில் தொடர வேண்டும். யாருடைய பாத்திரத்தையும் கொல்லக் கூடாது (இது பசங்களுக்காகப் போட்ட விதி, விட்டால் மூன்றாவது கட்டத்திலேயே அரிவாள் வந்துவிடும்). டீக்கடை மேசை ஈரம், மை பரவும். நூலகத்திலோ யார் வீட்டு வராண்டாவிலோ உட்காருங்கள்.

ஜாம் பக்கத்தில் நல்ல கதை வருவது அபூர்வம். ஆள் எப்படி என்பது நன்றாகத் தெரிந்துவிடும். ஒருவர் வேண்டுமென்றே அடுத்தவருக்குக் கஷ்டமான கோணத்தில் கொண்டுபோய் விடுவார். ஒருவர் தன் கட்டத்தை மட்டும் இரண்டு மணிநேரம் இழைத்து எல்லோரையும் காக்க வைப்பார். இன்னொருவர், முந்தினவர் சொதப்பின கையைத் தன் கட்டத்தில் ஒரு துண்டு போர்த்தி மறைத்துவிடுவார். நீண்ட கதைக்கு நான் அந்தத் துண்டு போர்த்தினவரைத்தான் கேட்பேன்.

நான் எழுதுறேன், அவன் வரையறான். இதுல யாரு பெரியாளு? யார் பேரு முதல்ல?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் எழுதுகிறவர்கள்தான் கேட்கிறார்கள். “அழகர் ஆற்றில் இறங்குகிறார். கரை நிறைய ஜனம்.” எழுதியாயிற்று, அரை நிமிஷம். இனி ஓவியர் தங்கக்குதிரையை வரைய வேண்டும், குடை, தீவட்டி, தோப்பறையில் (தோல்பை) தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள், தோளில் பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கும் அப்பாக்கள், பாலத்துக் கைப்பிடியில் தொங்கும் இளவட்டம், ஏழெட்டுப் போலீஸ். ஒரு கட்டத்துக்கு இரண்டு மூன்று நாள் போய்விடும். அடுத்த கட்டத்திலும் “அதே கூட்டம், வேறு கோணம்” என்று எழுதினீர்களானால் நட்பு அன்றோடு சரி.

அதனால் எழுதுகிறவர் ஒரு பக்கமாவது தானே வரைந்து பார்த்துவிட்டு வரட்டும், குச்சி மனிதன் போதும். பீக்கரே அப்படித்தான் செய்தார். ஓவியர் தரப்பிலும் ஒன்று உண்டு: வசனம் பிடிக்கவில்லை என்று சொல்லாமல் மாற்றிவிடுவது. கேட்டுவிட்டு மாற்றுங்கள். பெயரைப் பொறுத்தவரை ‘கதை: இன்னார், படம்: இன்னார், எழுத்து: இன்னார்’ என்று வேலையோடு சேர்த்துப் போட்டால் முன்பின் தகராறு குறையும். ஒரே எழுத்தளவில் போடுங்கள். பின் அடித்தவர் பெயரையும் போடுங்கள்.

கதை சட்டப்படி யாருக்குச் சொந்தம்? ஃப்ரெண்டுகிட்ட இதையெல்லாமா எழுதி வாங்குறது?

எழுதி வாங்குங்கள். வரைந்து முடித்த நிமிஷமே பதிப்புரிமை வந்துவிடும், பதிவு கட்டாயமில்லை. 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் பங்கை இன்னொருவர் பங்கிலிருந்து பிரிக்க முடியாத படைப்புதான் கூட்டுப் படைப்பு. ஒருவர் எழுத, ஒருவர் வரைந்த காமிக்ஸ் அதில் சேருமா, இரண்டு தனிப் படைப்பா என்று வக்கீல்கள் நாள்கணக்கில் வாதாடலாம். உரிமை, ஆசிரியர் இறந்த பிறகும் 60 வருஷம் நிற்கும். கூட்டுப் படைப்பென்றால் கடைசியாக இறப்பவரிடமிருந்து அந்தக் கணக்கு தொடங்கும். உங்கள் பேரப்பிள்ளைகள் அடித்துக்கொள்ளப் போதுமான காலம்.

உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை வருஷம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருஷம் என்றும், எந்த இடம் என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். எங்கள் காகிதம் அரைப்பக்கம்தான்: பாத்திரம் யாருடையது, இந்த இதழுக்கு மட்டுமா, மறுபதிப்புக்கு யாரைக் கேட்க வேண்டும், அசல் பக்கம் யாரிடம் இருக்கும். நண்பன் தப்பாக நினைப்பான் என்கிறீர்கள். அரைப்பக்கத்துக்கே கோபித்துக்கொள்கிறவரோடு நாற்பது பக்கம் எப்படிப் போடுவீர்கள்?

காசை எப்படிப் பிரிக்கிறது?

ஒரு உத்தேசக் கணக்கு. ஐந்து பேர், 200 பிரதி, அச்சுச் செலவு 4,000 ரூபாய், விலை 40 என்று வைத்துக்கொள்வோம். வரைந்தவர்களுக்கு ஆளுக்கு எட்டுப் பிரதி, அதில் 40 போயிற்று. மிச்சம் 160. நீங்களே நேரில் விற்றால் 100 பிரதியில் செலவு வந்துவிடும். பிறகு 60 பிரதிக்கு 2,400. அதைப் பிரித்தால் தலைக்கு 480 ரூபாய், ஒரு பிரியாணிக்கும் பேனாவுக்கும் ஆகும். பிரிக்காமல் வைத்தால் அடுத்த இதழுக்குப் பாதி அச்சுச் செலவுக்குமேல் கையில் இருக்கிறது. என் ஓட்டு எப்போதும் இரண்டாவதற்குத்தான்.

கடையில் கொடுத்தால் கணக்கு மாறும். மூன்றில் ஒரு பங்கு கழிவு என்றால் பிரதிக்கு ஏறக்குறைய 27 ரூபாய்தான் வரும், செலவை எடுக்கவே 150 விற்க வேண்டும். அதுவும் விற்றபிறகுதான் காசு. யார் முதல் போட்டாரோ அவர் காசு முதலில் வெளியே வரட்டும், அதற்குப் பிறகுதான் பங்கு. இதையெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி, எல்லோரும் பார்க்கிற மாதிரி வையுங்கள். தொகை சின்னது என்பதால்தான் யாரும் எழுதுவதில்லை, எழுதாததால்தான் முந்நூறு ரூபாய்க்கு மூன்று வருஷம் பேசாமல் இருக்கிறார்கள்.

தர்றேன் தர்றேன்னு ஆறு மாசமா பக்கமே தரல. நண்பனாச்சே, என்ன பண்றது?

இல்லாமலே போடுங்கள். தேதியை முதலிலேயே சொல்லுங்கள், அந்தத் தேதியில் கையில் இருப்பது எட்டுப் பக்கம் என்றால் எட்டுப் பக்கப் புத்தகம். அவர் பக்கம் அடுத்ததில் வரும். காத்திருந்தால் சொன்ன நேரத்தில் கொடுத்த நாலு பேருக்கும் ஆர்வம் போய்விடும். புத்தகம் வந்ததும் முதல் பிரதியை அவருக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். பலருக்கு அதற்கப்புறம்தான் கை ஓடும்.

அவன் பக்கம் நல்லாவே இல்ல. எப்படிச் சொல்றது?

பென்சிலில் இருக்கும்போது சொல்லுங்கள். மை போட்டபிறகு சொன்னால் திருத்தம் ஆகாது, காயம்தான் ஆகும். ‘நல்லாயில்லை’ என்பதில் பிரயோஜனம் இல்லை. ‘மூணாவது கட்டத்தில் யார் பேசுகிறார்கள் என்று தெரியவில்லை’ என்றால் அவர் ஏதாவது செய்ய முடியும். அப்படியும் மாற்றவில்லையா, போட்டுவிடுங்கள். பலர் சேர்ந்த புத்தகத்தில் எல்லாப் பக்கமும் உங்களுக்குப் பிடித்திருக்க வேண்டும் என்றால் நீங்கள் தனியாகப் போட வேண்டியவர்.

எல்லாம் பசங்களா இருக்கீங்க. நாங்க வந்தா டீ வாங்கிட்டு வரச் சொல்லுவீங்களா அண்ணா?

நியாயமான சந்தேகம். சான்பிரான்சிஸ்கோவிலும் இதே கதைதான். ஆண்கள் தங்கள் இதழ்களில் ஆண் நண்பர்களையே சேர்த்துக்கொண்டார்கள், பெண்களை வரைந்த விதமும் பல இடங்களில் வக்கிரம். ஓவியர் ட்ரினா ராபின்ஸும் தோழிகளும் 1970-ல் முழுக்கப் பெண்களே வரைந்த ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்தார்கள். 1972-ல் ஆரம்பித்த ‘விம்மன்ஸ் காமிக்ஸ்’ இருபது வருஷம் வந்தது. அதில் ஒருவரே நிரந்தர ஆசிரியர் கிடையாது, இதழுக்கு இதழ் மாறுவார்கள். யாரைச் சேர்ப்பது என்ற அதிகாரம் ஒரே ஆளிடம் தங்காமல் இருக்க நல்ல ஏற்பாடு. நாங்களும் அதையே பின்பற்றுகிறோம்.

மற்றதெல்லாம் நடைமுறை. சந்திப்பு பகலில், பொது இடத்தில். உசிலம்பட்டிக்கும் மேலூருக்கும் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் இருட்டுவதற்குள் கிளம்பும்படி முடிப்போம். மேலே சொன்ன துடைப்பது, மடிப்பது எல்லாம் முறைபோட்டு எல்லோருக்கும். டீ வாங்கி வருவது அன்றைக்குக் கடைசியாக வந்தவர் வேலை.

சாதி, கோயில், கட்சின்னு ஒருத்தன் வரைஞ்சா, கூட இருக்கிற எல்லாரும் மாட்டுவோமா?

மாட்டலாம். 1971-ல் அமெரிக்காவில் டான் ஓநீல் என்ற ஓவியரும் நண்பர்களும் டிஸ்னியின் எலியை வைத்து நையாண்டி காமிக்ஸ் போட்டார்கள். வழக்கு ஓநீலோடு நிற்கவில்லை, கூட வரைந்தவர்கள் பெயரும் அதில் ஏறியது, அந்தப் பத்தாண்டு முடியும்வரை இழுத்தது. நம் பக்கத்தில், நெல்லை கலெக்டர் அலுவலகத்தில் ஒரு குடும்பம் தீக்குளித்தது பற்றி கார்ட்டூன் போட்டதற்காக 2017-ல் கார்ட்டூனிஸ்ட் பாலா கைதானார். மறுநாள் ஜாமீன் கிடைத்தது. வழக்கை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ரத்துசெய்தது 2021-ல். இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அவதூறுக்கு 356, பிரிவினரிடையே பகைமூட்டுவதற்கு 196, மத உணர்வைப் புண்படுத்துவதற்கு 299 என்று பிரிவுகள் இருக்கின்றன.

வரையக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அச்சுக்கு முன்னால் முழு டம்மியையும் எல்லோரும் படிக்க வேண்டும், சங்கடப்படுகிறவர் தன் பக்கத்தையும் பெயரையும் கேள்வியில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் ஏற்பாடு. அரசு வேலையில் இருக்கும் நண்பருக்கு இருக்கும் ஆபத்து கல்லூரி மாணவருக்கு இல்லை. ஒருவர் தைரியத்தை இன்னொருவர் செலவு செய்யக் கூடாது. இன்னொன்று, குறித்த இடைவெளியில் பொதுச் செய்தியோ அதன்மீது கருத்தோ தாங்கி வரும் இதழ் என்றால் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டப்படி பதிவு வேண்டும். தனித்தனிப் புத்தகத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

அடிச்சுக்கிட்டுப் பிரிஞ்சுட்டோம். பழைய புத்தகத்தை நான் மறுபடி போடலாமா? அவன்கூட இனிமே சேர முடியுமா?

முதல் பாதிக்கு, அந்த அரைப்பக்கக் காகிதம் இருந்தால் அதில் இருப்பதுபடி. இல்லையென்றால் அவர் பக்கங்களை எடுத்துவிட்டு உங்களுடையதை மட்டும் போடுங்கள், அல்லது எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அசல் பக்கங்கள் அவரவருக்குத் திரும்பிப் போக வேண்டும். ஸ்கேன் கோப்புகள் ஆரம்பத்திலிருந்தே இரண்டு வீட்டில் இருந்தால் இந்த நேரத்தில் யாரும் யாரையும் மிரட்ட முடியாது.

இரண்டாவது பாதி அடிக்கடி நடக்கிறது. பெரிய திட்டத்தோடு போகாதீர்கள். முதலில் நோட்டை எடுத்துப் பழைய பாக்கியை, நூறு ரூபாயானாலும், தீர்த்துவிடுங்கள். அப்புறம் நாலு பக்கம், ஒரு தாள், முப்பது பிரதி. ஸ்டேப்ளர் இந்த முறை அவர் வீட்டில் இருக்கட்டும்.